செயலாளரின் ஆண்டறிக்கை: இலையுதிர்கால நடைகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் இயங்கிவரும் நமது இயற்கை நடைச் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். வசந்தகால, கோடைகால நடைகள் வழமைபோல் நடந்தேறின. இலையுதிர்காலத்தில் நடைமுறையை மாற்றியதால் அதனையே விரிவாகக் கூற விரும்புகிறேன்.

இலைகள் நிறம் மாறுவதைப் பார்ப்பதற்குப் பேருந்து அமர்த்தி வடக்கேயுள்ள அல்கோன்குவின் பூங்காவுக்குச் செல்வது நம் வழக்கம். அங்கே சர்க்கரை மேப்பிள் மரங்கள் செப்டெம்பர் கடைசியிலேயே சிவந்து, ஒக்ரோபர் நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் இலையுதிர்த்துவிடுவதால், நமக்கு வசதிப்படும் நாளில் போனால் வெறுங்கிளைகளையும் நீண்ட வாகன வரிசையையும் கண்டு திரும்ப நேரிடுகிறது. ஆகவே அப்பயணத்தைக் கைவிட்டு, ஒக்ரோபர் 31இல் வரும் ஹலோவீன் விழா வரையான வார இறுதிகளில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் ஹைலண்ட் கிறீக் ஓடைக்கரையிலும் நடப்பதென்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. 2015இல் தனிச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டு, ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரந்துள்ள ரூஜ் பூங்காவைப் பேருந்து வழித்தடத்திலேயே வைத்துக்கொண்டும் நம்மவர் பலர் அதனுள் காலடி வைத்ததில்லை என்பது வியப்புக்குரியது.

முதல் நடைகளில் பெருங்கூட்டத்தை ஈர்த்தவை சினூக் சல்மன் மீன்கள். ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஓடையில் எதிர்நீச்சலிட்டு ஏறி, சரளைக் கற்களிடையே குழி பறித்து முட்டையிடும் இம்மீன்கள் இவ்வேரிக்கு உரியவை அல்ல. இங்கு இயல்பாக வாழ்ந்த அத்திலாந்திக் சல்மன், ஆலைகளுக்கான அணைகளாலும் காடழிப்பாலும் மிகையாகப் பிடிக்கப்பட்டதாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அற்றுப்போனது. 1960களின் பிற்பகுதியில் தொடங்கி பசிபிக் பகுதிக்குரிய சினூக் மீன்கள் ஏரியில் விடப்பட்டன. முட்டையிட்டபின் இறந்து கரையொதுங்கும் மீன்களின் நாற்றத்தைச் சில உறுப்பினர்கள் முறையிட்டனர். அவை ரக்கூன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாவதால், அகற்றுமாறு கோருவதில்லை என்று குழு முடிவெடுத்தது.

மேப்பிள் நிறம் சென்ற ஆண்டு சற்று மங்கலாகவே இருந்தது. இலையின் மஞ்சள் நிறமி கோடை முழுதும் உள்ளேயே இருப்பது. பச்சையம் சிதைந்தவுடன் வெளித்தெரிகிறது. சிவப்போ இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாவது. அதற்கு வெயிலுள்ள பகலும், உறைபனியற்ற குளிர்ந்த இரவும் வேண்டும். மேகமூட்டமும் வெதுவெதுப்பும் நீடித்தால் சிவப்புக் குறையும். ஆனால் ஹலோவீனை ஒட்டிய கடைசி நடையில், மேப்பிள் பெரும்பாலும் உதிர்ந்தபின், ஓக் மரங்களின் செம்பழுப்பையும் உலர்ந்தும் உதிராத பீச் இலைகளையும் நிதானமாகக் காண முடிந்தது. என் கணிப்பில் இதுவே பருவத்தின் சிறந்த நடை.

அன்று சிறார் அனைவரும் வௌவாலையே தேடினர். வீட்டு வாசல்களில் ஹலோவீன் அலங்காரமாகக் காகித வௌவால்கள் தொங்கும் வேளையில், உண்மையானவற்றுள் சில தெற்கே சென்றுவிடுகின்றன. ஏனையவை குகைகளிலும் பழைய சுரங்கங்களிலும் குளிர்கால உறக்கத்துக்குப் போய்விடுகின்றன. 2010இல் ஒன்ராறியோவில் கண்டறியப்பட்ட வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சைத் தொற்று, சிறிய பழுப்பு வௌவால்களைப் பெருமளவில் கொன்றது. 2014இல் கனடா அரசு அவற்றை அருகிவரும் இனமாகப் பட்டியலிட்டது. ஆந்தையின் குரல் மட்டும் ஒருமுறை கேட்டது. கைப்பேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு அதனை வரவழைக்கச் சிலர் முயன்றதால், இனி நம் நடைகளில் அதற்கு அனுமதியில்லை.

வரும் பருவத்திற்காக இரு தீர்மானங்களைக் குழு பரிந்துரைக்கிறது. ஹலோவீன் முடிந்தபின் அலங்காரப் பூசணிக்காய்களைக் காட்டோரம் எறியாமல் நகராட்சியின் பச்சைத் தொட்டியில் (உணவுக் கழிவுத் தொட்டி) இடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வது முதலாவது. எறியப்படும் பூசணிக்காய் விலங்குகளுக்கு உணவாகிவிடும்; தேசியப் பூங்காவில் விலங்குகளுக்கு உணவிடுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கம்பளிப்புழுக்களும் பல வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் சருகினடியில் குளிர்காலத்தைக் கழிப்பதால், இயன்ற வீடுகளில் தோட்டத்தின் ஒரு மூலையிலாவது சருகை வாராமல் விடுவது இரண்டாவது. இவ்விரண்டையும் சபையின் ஏற்புக்காக முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.