வீதிக் காவல்: ஜவுளிக் கடைவீதிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், கடையை அரை நாள் சாத்திவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது. மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைத்தோம். சாக்கடை அடைப்புக்காக மாநகராட்சியில் இரண்டு முறை மனுக் கொடுத்து, மழைக்கு முன் தூர் வார வைத்தோம். இனி வீதிக் காவலுக்கு வருகிறேன். இந்த ஆண்டு சங்கத்தில் அதிகம் பேசியதும், சத்தம் போட்டுக்கொண்டதும் அதற்காகத்தான்.

ஈரோட்டில் திங்கள் சாயங்காலம் ஜவுளிச் சந்தை கூடினால் செவ்வாய் வரை ஆள் நடமாட்டம் ஓயாது. வெளி மாநில வியாபாரிகள் பணப்பையோடு விடிய விடிய நடப்பார்கள். பேல் மூட்டைகள் வாசலிலேயே கிடக்கும். நம் அப்பா காலத்தில் விசில் ஊதிக்கொண்டு, கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு பாரா வந்த கூர்க்காவே போதுமாக இருந்தது. இப்போது போதாது என்பதால்தான் சங்கம் ஒரு நிறுவனத்திடம் ஆள் எடுத்தது.

தீபாவளி நெரிசல் முடிந்த வாரம், விடிகாலை நாலு மணிக்கு, கிழக்கு முனையில் நின்றிருந்த காவலாளி அய்யா மயங்கிப் படிக்கட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அன்று பகலில் வேறோர் இடத்தில் டூட்டி பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். மாதாமாதம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று பிடித்திருக்கிறார்கள், விசாரித்தால் அவர் பெயரில் காப்பீட்டு எண்ணே இல்லை. வயதோ 65-ஐத் தாண்டிவிட்டது. அந்த நிறுவனத்துக்கு உரிமமும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நாமும் கேட்கவில்லை. வந்த மூன்று கொட்டேஷனில் குறைந்ததை எடுத்தோம். அதில் இருக்கும் கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் மகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை நான் மறக்கவில்லை. உறுப்பினர்கள் தந்த நன்கொடையில் மருத்துவச் செலவைச் சங்கம் பார்த்துக்கொண்டது.

அதன்பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தோம். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கென்று 2005-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 65-ஐ எட்டியிருக்கக் கூடாது. முன்நடத்தை விசாரணை, பயிற்சி, புகைப்பட அடையாள அட்டை எல்லாம் கட்டாயம். முன்னாள் ராணுவத்தினர், போலீஸார், ஊர்க்காவல் படையினருக்கு முன்னுரிமை தரலாம். ராணுவ, போலீஸ் உடை போலத் தெரியும் சீருடை போடுவதும் குற்றம்; நம் ஆட்கள் இத்தனை வருடம் காக்கியில்தான் நின்றார்கள்.

புதிய நிறுவனத்தைத் தேடும்போது விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உரிமத்தைத்தான் முதலில் கேட்டோம். அடுத்தது ஆள் கணக்கு. வீதிக்கு இரண்டு முனை, ஒவ்வொன்றிலும் நாள் முழுக்க ஒருவர். 8 மணி நேர ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 42 ஷிப்ட். வாரம் ஒரு நாள் விடுப்பு கொடுத்தால் ஒருவர் ஆறு ஷிப்ட்தான் பார்க்க முடியும். அப்படியானால் ஏழு பேர் வேண்டும். பழைய நிறுவனம் நாலே பேரை வைத்து, 12 மணி நேரமாக, விடுப்பே இல்லாமல் ஓட்டியிருக்கிறது. அந்தக் கொட்டேஷன் ஏன் அவ்வளவு மலிவு என்று அப்போதுதான் விளங்கியது.

ஜனவரியிலிருந்து ஏழு பேர் நிற்கிறார்கள். செலவு கூடியதில் பலருக்கு வருத்தம் என்பது தெரியும். பில்லோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானும், அதில் ஏழு பேர் பெயரும் இருந்தால்தான் காசோலை என்று குழு முடிவெடுத்திருக்கிறது. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே அதில் பாதுகாப்பு உண்டு. இதைக் கட்டாமல் மிச்சம் பிடிக்கும் காசு நமக்கு வேண்டாம்.

தனியாகக் காவலாளி வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு சேதி. ஆள் அனுப்புகிறவர் கம்பெனியாகப் பதியாமல் தனிநபராகவோ கூட்டாகவோ நடத்தினால், 2019 ஜனவரியிலிருந்து காவல் கட்டணத்துக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை, உங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், ரிவர்ஸ் சார்ஜில், அதாவது அவருக்குப் பதிலாக, நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று இரண்டு முனையிலும் நாற்காலி போடாமல் வைத்திருந்தோம். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. உள்ளே துணி எடுத்துப் போடும் பிள்ளைகளுக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டவர்கள் வாசலில் நின்றவரை மறந்துவிட்டோம். இப்போது இரண்டு முனையிலும் நாற்காலி, மேலே தகரக் கூரை, ஒரு விளக்கு, குடிதண்ணீர் கேன் இருக்கிறது. கழிப்பறைக்குச் சங்க அலுவலகச் சாவி அவர்களிடமே இருக்கும். மூன்று மாதத்தில் எந்த இரவு நான் போய்ப் பார்த்தபோதும் யாரும் தூங்கவில்லை. மணிக்கொருமுறை ஷட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். ரோந்து போலீஸார் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகமும் பக்கத்திலேயே தொங்குகிறது.

துணிக்கடை வீதியில் திருட்டைவிட நெருப்புக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மூடிய கடைக்குள்ளிருந்து வயர் கருகும் வாசம் வந்ததைக் கண்டுபிடித்தவர் மேற்கு முனைக் காவலாளி. உரிமையாளருக்கும் 101-க்கும் அவரே போன் செய்தார். மெயின் ஸ்விட்ச் வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததால் உடனே அணைக்க முடிந்தது. நாலு சுருள் துணியோடு போயிற்று. மாடிப்படியில் பேல் அடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

ஒரு கசப்பான சம்பவத்தையும் பதிவு செய்ய வேண்டும். புடவையைத் திருடியதாகச் சந்தேகப்பட்டு ஒரு பையனைக் கடைக்குள் பூட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். காவலாளியையும் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லி 100-க்குத் தகவல் கொடுத்தார். அவர் செய்தது சரி. சாதாரண மனிதருக்கு இருக்கும் அதிகாரம்தான் காவலாளிக்கும் கடைக்காரருக்கும். கண் முன்னே நடந்த குற்றத்துக்காகப் பிடித்தாலும், 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பையனின் வீட்டாரிடம் சங்கம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டது.

கேமரா பற்றிச் சுருக்கமாக. பைக் திருட்டு வழக்குக்காகப் போலீஸார் பதிவு கேட்டபோது ஒரு கடையின் டி.வி.ஆர். (கேமரா பதிவுப் பெட்டி) கடிகாரம் 40 நிமிடம் பிந்தி ஓடியது. இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க் வேலையே செய்யவில்லை. மாதப் பிறப்பன்று இரண்டையும் பாருங்கள். ஒரு கேமராவாவது வீதியைப் பார்க்கட்டும்.

கூட்டத்தின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஏழு காவலாளிகளின் செலவுக்கு ஏற்ப மாதச் சந்தாவை உயர்த்துவது. விழுந்து அடிபட்ட அய்யா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அவரைச் சங்க அலுவலகத்தில் பகல் நேரப் பொறுப்பாளராக, சங்கமே நேரடியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது. கணக்கைப் பொருளாளர் வாசித்த பிறகு இரண்டையும் வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்