பாட்டு நின்றுவிட்டதாகச் சொன்ன லைப்ரரிக்கு: ஒரு திறந்த மடல்

லைப்ரரியைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். எந்த லைப்ரரி, என்ன புகார் என்று உங்களுக்கே தெரியும். மற்றவர்களுக்கு: இது புத்தக லைப்ரரி இல்லை, நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு. ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதியாகிவிட்டது. முதல் முறை, 'இது எதிர்பார்த்த நடத்தைதான்' என்று ஒரே வரியில் மூடி வைத்தீர்கள். அடுத்த முறை, 'திருத்தத்தை நீங்களே அனுப்புங்களேன்' என்றீர்கள். அனுப்பினேன். நான்கு மாதமாக அது அப்படியே கிடக்கிறது. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும் என்பதால் இந்த முறை தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். பாட்டுப் போடும் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிட்டால், துண்டித்துவிட்டது என்று சொல்லுங்கள். வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

நைனா பழைய வண்ணாரப்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் செல்போனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டித்தான் பாட்டுப் போடுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் ரிங்டோன் தெரு முழுக்கக் கேட்கும். அதற்காகத்தான் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் மியூசிக் பிளேயர் டீமனை (எம்பிடி, பின்னணியில் ஓடிப் பாட்டுப் போடும் சர்வர் நிரல்) ஏற்றி, பழைய சுவிட்ச் பாக்ஸுக்குள் வைத்து, பாட்டுக்கு ஒரு பச்சை பட்டன், நிறுத்த ஒரு சிவப்பு பட்டன் என்று செய்து கொடுத்தேன். 'பொண்ணு செஞ்ச பெட்டி' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டனுக்கும் சர்வருக்கும் நடுவே தூது போவது உங்கள் லைப்ரரி.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு பாக்ஸ், கம்பத்தில் இரண்டு குழாய், நல்ல குத்துப்பாட்டு. தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டது. மூலகொத்தளம் மயானத்துக்குப் போகிற சாவு. இதற்கெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து நிற்போம். நைனா சிவப்பு பட்டனை அழுத்தினார். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார், கட்டை விரலால் அமுக்கிப் பிடித்தே பார்த்தார். கட்டளை நிறைவேறினால் எரியட்டும் என்று நான் வைத்திருந்த குட்டி விளக்கு ஒவ்வொரு தடவையும் 'ஆச்சு, ஆச்சு' என்று கண் சிமிட்டியது. ஆச்சு என்று அதற்குச் சொன்னது நீங்கள்தான். அதற்குள் பாடை எங்கள் பாக்ஸுக்கு நேராக வந்துவிட்டது. தோள் கொடுத்திருந்த பையன் திரும்பி நைனாவை ஒரு பார்வை பார்த்தான். நைனா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். 'பரவால்லண்ணே, விடுங்க' என்றார்களாம். அவர்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று ராத்திரி அவர் சாப்பிட்டிருப்பார்.

அப்புறம் நான் உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் லைப்ரரியை ஓரமாக வைத்துவிட்டு, நெட்கேட் என்ற கருவி வழியாக, சர்வர் காத்திருக்கும் 6600ஆம் போர்ட்டில் நானே அதோடு பேசினேன். இணைந்ததும் 'ஓகே எம்பிடி' என்று பதிப்பு எண்ணோடு வரவேற்கிறது. கட்டளை சரியென்றால் ஓகே, தவறென்றால் ஏசிகே என்று காரணத்தோடு சொல்கிறது. நேர்மையான ஆள். ஒரே ஒரு விதி: இயல்பான அமைப்பில், 60 விநாடி வாயைத் திறக்காத இணைப்பை அது மூடிவிடும். மூடக் கூடாதென்றால் 'ஐடில்' கட்டளையில் காத்திருக்கலாம், அப்போது அந்தக் கெடு பொருந்தாது. இல்லையென்றால் அவ்வப்போது ஒரு 'பிங்' அனுப்பலாம். இதெல்லாம் சர்வரின் ஆவணத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆவணத்தில்தான் இல்லை, அங்கே 'மூன்றே வரியில் பாட்டு' என்று மட்டும் இருக்கிறது. பாட்டு வருகிறது, உண்மைதான். நிறுத்துவதற்கு எத்தனை வரி என்று எழுதவில்லை.

உங்கள் லைப்ரரி மூலம் சோதித்தேன். 50 விநாடி கழித்து அழுத்தினால் நிற்கிறது. 70 விநாடி கழித்து அழுத்தினால் நிற்கவில்லை, ஆனால் பிழையும் இல்லை. மூடிய சாக்கெட்டில், அதாவது இணைப்பின் முனையில், படிக்கப் போனால் வெறுமையான பதில் வரும், அல்லது இயங்குதளமே பிழை எழுப்பும். இரண்டையும் விழுங்கிவிட்டு 'சரி' என்று திருப்பி அனுப்புகிறீர்கள். கெடுவைக் கூட்டி வைத்துக்கொள்ளலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். வைக்கலாம். சர்வர் வேறு காரணத்தால் நின்று கிளம்பினாலும் இதே கதைதானே?

வடசென்னைக்காரர்களுக்கு இது பழகின விஷயம் என்று நினைத்தீர்களோ என்னவோ. 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செல்போனுக்கு எஸ்எம்எஸ் வரும், குழாயைத் திறந்தால் காற்று வரும். அந்த ஆபீஸில் போய்க் கேட்டால், கம்ப்யூட்டரில் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறதே என்பார்கள். நிரல் எழுதுகிறவர்களாவது வேறு மாதிரி இருப்பார்கள் என்று நம்பித்தான் நான் பி.சி.ஏ. படித்தேன். இலவசமாகத் தருகிறோம், இதில் என்ன கேள்வி என்று கேட்கலாம். கூழும் இலவசம்தான், அதில் மண் விழுந்தால் யாரும் பேசாமல் குடிப்பதில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். விடுமுறை நாளில் சம்பளமில்லாமல் இதைப் பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதற்கு நன்றியும் உண்டு. நான் அனுப்பிய திருத்தம் மூன்று வரி. பதில் வெறுமையாக வந்தால் இணைப்புப் பிழையை எழுப்புகிறது, அவ்வளவுதான். பிடிக்கவில்லையென்றால் உங்கள் பாணியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என் பெயர்கூட வேண்டாம். ஆவணத்தில் 60 விநாடி பற்றி ஒரு வரி சேருங்கள். துண்டித்துவிட்டால் துண்டித்துவிட்டது என்று சொல்லுங்கள். தயவுசெய்து, அடுத்த ஆடிக்கு முன்னால்.

என் பெட்டியில் இப்போது ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது இணைப்பு திறக்கும்படி மாற்றிவிட்டேன், வேலை செய்கிறது. ஆனால் நைனா சிவப்பு பட்டனைத் தொடுவதில்லை. ஆம்ப்ளிஃபயர் பிளக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

இப்படிக்கு,
ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் மகள்,
பழைய வண்ணாரப்பேட்டை