விமானம் இறங்கிய பிறகு யோசிக்காதீர்கள்

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகளது வெளியுறவு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களே,

வணக்கம். 2024 செப்டம்பரில் ரஷ்ய அதிபர் மங்கோலியா சென்றார். அவர்மீது 2023 மார்ச் 17 முதல் இந்த நீதிமன்றத்தின் பிடியாணை இருந்தது. அணிவகுப்பு மரியாதையும் இருந்தது. கைது மட்டும் நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் இஸ்ரேல் பிரதமர் ஹங்கேரி சென்றபோதும் அதே கதைதான். இரண்டு முறையும் நீதிமன்றம், தன்னை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தின் 87(7)-ஆம் பிரிவின்படி, அந்த நாடு கடமை தவறியது என்று தீர்மானித்து, விவகாரத்தை உறுப்பு நாடுகளான உங்கள் பேரவைக்கு அனுப்பியது. கோப்புகள் உங்கள் மேசைக்கு வந்துவிட்டன.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. எந்தப் பதவியும் யாரையும் காப்பாற்றாது என்னும் ரோம் சாசனத்தின் 27-ஆம் பிரிவை உங்கள் உள்நாட்டுச் சட்டமாக்குங்கள். பிடியாணை உள்ளவர் உங்கள் மண்ணில் கால் வைத்தால் யார் கைது செய்வது, எந்த நீதிபதி முன் நிறுத்துவது, எத்தனை மணி நேரத்துக்குள் என்பதையெல்லாம் அந்தச் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

“அவருடைய நாடு உறுப்பினரே இல்லை, பிற நாட்டுத் தலைவரின் விலக்குரிமையை, அதாவது கைதிலிருந்து அவருக்குள்ள பாதுகாப்பை, மதிக்கச் சொல்லும் 98(1)-ஆம் பிரிவு எங்கள் கையைக் கட்டுகிறது” என்ற பதில் பழகிப்போனது. அதற்கு 2019 மே 6 அன்றே ஜோர்டான் வழக்கில் மேல்முறையீட்டு அமர்வு முடிவு சொல்லிவிட்டது: பன்னாட்டு நீதிமன்றத்தின் முன் அரசுத் தலைவருக்கு விலக்குரிமை கிடையாது. 2024 அக்டோபரில் மங்கோலியாவுக்கும் அதுவே பதில். பேராசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், வாதிடட்டும். ஆனால் தன் நீதிப்பணி பற்றிய தகராறை அந்த நீதிமன்றமே தீர்க்கும் என்று 119-ஆம் பிரிவில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது நீங்கள்.

வேறொரு நாட்டின் நீதிமன்றம் என்றால் நிலைமை வேறு. பெல்ஜியம் பிறப்பித்த பிடியாணை, பதவியில் இருந்த காங்கோ வெளியுறவு அமைச்சர்மீது செல்லாது என்று 2002-இல், நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிரியாவின் அதிபராக இருந்தபோது அசாத்மீது பிரான்சில் பிறப்பிக்கப்பட்ட பிடியாணையை 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் ரத்து செய்தது. நாற்காலியில் இருப்பவரைப் பொறுத்தவரை திறந்திருக்கும் கதவு அநேகமாக ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் மட்டும்தான். அதையும் நீங்களே சாத்தினால் எப்படி?

சட்டம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே சாட்சி. 2015 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டுக்கு வந்திருந்த, பிடியாணை உள்ள அப்போதைய சூடான் அதிபர் அல் பஷீர் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அன்றே உத்தரவிட்டது. 2002-இலேயே அங்கு ரோம் சாசனத்தை அமலாக்கும் சட்டம் இயற்றப்பட்டிருந்ததால்தான் விடுமுறை நாளில் அவ்வளவு விரைவாக உத்தரவு கிடைத்தது. மறுநாள், நீதிபதிகள் கைது உத்தரவைப் பிறப்பித்த பிறகு அரசு வழக்கறிஞர் எழுந்து, அவர் போய்விட்டார் என்றார். வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்பியிருந்தது. குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிய பாஸ்போர்ட்டுகளில் அவருடையது இல்லையாம். நாட்டின் அதிபர் யார் என்று தெரிந்துகொள்ளப் பாஸ்போர்ட் வேண்டியிருந்ததாம்!

ஆனாலும் அந்தச் சட்டம் வீண்போகவில்லை. அரசு செய்தது சட்டவிரோதம் என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் பிரிக்ஸ் மாநாட்டுக்கு ரஷ்ய அதிபர் நேரில் வரவில்லை, காணொளியில் பேசினார். ஹங்கேரியோ 2001-இல் சாசனத்தை ஏற்றுக்கொண்டிருந்தும், அது எங்கள் உள்நாட்டுச் சட்டமாகவே அறிவிக்கப்படவில்லை என்று சாக்குச் சொன்னது. சிறிய நாடுகளின் அச்சம் புரிகிறது. மங்கோலியா எரிபொருளுக்கு ரஷ்யாவையே நம்பியிருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட நாட்டுக்குத்தான் சட்டம் கேடயம்: “வந்தால் எங்கள் நீதிபதி விடமாட்டார், தயவுசெய்து வராதீர்கள்” என்று சொல்லிவிடலாம்.

தாமதத்தின் விலை என்ன என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமல் ஹேக்கில் வழக்கு விசாரணை நடக்காது. 63-ஆம் பிரிவு இடம் தராது. உகாண்டா கிளர்ச்சித் தலைவர் ஜோசஃப் கோனி விஷயத்தில் 2025-இல் செய்தது போல, ஆள் இல்லாமலே குற்றச்சாட்டை உறுதி செய்யலாம். அதோடு சரி. பஷீர்மீது முதல் பிடியாணை 2009 மார்ச் 4 அன்று வந்தது. சூடானின் டார்ஃபூரில் ஊர் எரிவதைக் கண்டவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. சாட்சி இறந்துவிட்டால், அவர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்ற நடைமுறை விதிகளில் 68-ஆம் விதிப்படி ஏற்கலாம்தான். ஆனால் அது குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்தச் செயலைப் பற்றியதாக இருந்தால், ஏற்க மறுக்க அதுவே ஒரு காரணமாகலாம். ஆக, எரிந்த குடிசைக்குச் சான்று மிஞ்சும். எரிக்கச் சொன்னது யார் என்பதற்கான சான்று சாட்சியோடு மண்ணுக்குள் போகும். ஒவ்வொரு முறை நீங்கள் கைகுலுக்கி வழியனுப்பும்போதும் நடப்பது இதுதான்.

இதற்கு உங்கள் பேரவையில் என்ன தண்டனை? இரண்டு ஆண்டுச் சந்தா அளவுக்குப் பாக்கி வைத்தால் 112(8)-ஆம் பிரிவின்படி வாக்குரிமை போய்விடும். இனப்படுகொலைக் குற்றச்சாட்டு உள்ளவரை விருந்து வைத்து அனுப்பினால் வாக்குரிமைக்கு ஒரு குறையும் இல்லை. கணக்குப் பிள்ளைக்கு இருக்கும் பல், நீதிபதிக்கு இல்லை.

வார்த்தை சற்று தடித்துவிட்டது, பொறுத்தருளுங்கள். வேலை அப்படியொன்றும் பெரிதல்ல. அரசு விமானம் இறங்க அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தைப் பிடியாணைப் பட்டியலோடு ஒப்பிட ஓர் அதிகாரியை நியமியுங்கள். 59-ஆம் பிரிவின்படி உங்கள் நீதிபதி பார்க்க வேண்டியது மூன்றே விஷயங்கள்: பிடியாணை இவருக்குரியதா, கைது முறைப்படி நடந்ததா, அவருடைய உரிமைகள் மதிக்கப்பட்டனவா. பிடியாணை சரியாகப் பிறப்பிக்கப்பட்டதா என்று ஆராய அவருக்கு அதிகாரமில்லை. 97-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்திடம் ஆலோசனை கேட்டிருக்கிறோம் என்பதால் கடமை நின்றுவிடாது என்பதையும் சட்டத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் நீங்கள் ஒவ்வொருவரும் எழுந்து, 27-ஆம் பிரிவு உங்கள் நாட்டில் எந்தச் சட்டத்தில், எந்தத் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இன்னும் இல்லையென்றால், மசோதா என்றைக்கு நாடாளுமன்றத்துக்கு வரும் என்பதையாவது சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.