டெலாஜை விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ரெண்டு உலகப்போருக்கும் நடுவுல வந்த ரேஸ் கார்கள் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். ஜெர்மன் கம்பெனி ஆட்டோ யூனியனோட 16 சிலிண்டர் இன்ஜின் பத்தி நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா கடைசி வரைக்கும் ஜெர்மனியை விட்டு வெளியவே வரல, பிரான்ஸ்ல செஞ்ச டெலாஜ் ரேஸ் கார் பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் மனசு கேக்காம எழுதறேன்.

1926, 1927 ரெண்டு வருஷமும் கிராண்ட் பிரிங்கற பெரிய சர்வதேச ரேஸ்கள்ல இன்ஜின் 1500 சிசிய தாண்டக்கூடாதுன்னு ரூல். அந்த அளவுக்குள்ள டெலாஜ் கம்பெனி இன்ஜினியர் ஆல்பேர் லோரி எட்டு சிலிண்டரை ஒரே வரிசையில வச்சு, இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற சூப்பர்சார்ஜர் போட்டு, 8000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 8000 சுத்து) சுமார் 170 எச்பி எடுத்தாரு. இன்னைக்கு நம்ம ரோட்ல ஓடுற 1500 சிசி கார் பலதும் 120 எச்பி பக்கம்தான் நிக்குது! அவ்வளவு வேகத்துல சுத்தியும் இன்ஜின் தாங்குச்சுன்னா அதுக்கு முக்கிய காரணம் உள்ள இருந்த பேரிங்தான், பிஸ்டன் சுத்தி விடற கிராங்க்ல இருந்து வால்வை திறக்கற கேம் ஓட்டுற கியர் வரைக்கும் பால் பேரிங், ரோலர் பேரிங்னு 60க்கு மேல போட்டு உராய்வை குறைச்சிருந்தாரு. செலவு எக்கச்சக்கம்தான், ஆனா கம்பெனி முதலாளி லூயி டெலாஜ் பணத்தை பாக்கல.

முதல் வருஷம் ஒரு பெரிய கோளாறு இருந்துச்சு. எக்ஸாஸ்ட் பைப் டிரைவர் உக்காந்திருக்கற பக்கமே போனதால கால் வெந்துபோச்சு, இங்கிலாந்துல புரூக்லேண்ட்ஸ் டிராக்ல நடந்த ரேஸ்ல பிட்ல நிறுத்தி தண்ணில காலை வச்சு ஆத்திக்கிட்டு ஓட்டினாங்க, அப்படியும் ஜெயிச்சாங்க. லோரி சும்மா இருக்கல, அடுத்த வருஷம் எக்ஸாஸ்ட்டை இடது பக்கம் மாத்தி, சூப்பர்சார்ஜரை முன்னாடி கொண்டுவந்தாரு. 1927ல பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, பிரிட்டன்னு நாலு கிராண்ட் பிரியையும் டெலாஜ் டிரைவர் ரோபேர் பெனுவா அந்த கார்ல ஜெயிச்சாரு, பிரான்ஸ்லயும் பிரிட்டன்லயும் முதல் மூணு இடமும் டெலாஜுக்குத்தான்.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. 1936ல டிக் சீமன்ங்கற இங்கிலீஷ்கார பையன் இந்த பழைய காரை வாங்கி, ஜூலியோ ரம்போனிங்கற மெக்கானிக் கிட்ட குடுத்து சரிபண்ணி, புதுசா வந்த ஈஆர்ஏங்கற இங்கிலீஷ் ரேஸ் கார்களையே தோக்கடிச்சான். அடுத்த வருஷம் மெர்சிடிஸ் டீமே அவனை சேத்துக்கிச்சு. உங்க கட்டுரையில மெர்சிடிஸ் டிரைவர்னு அவன் பேர் வருது, அவனை அங்க கொண்டுபோய் விட்ட இன்ஜின் பேர் வரல.

அடுத்த இதழ்ல டெலாஜுக்குன்னு ரெண்டு பக்கம் ஒதுக்குங்க சார், அந்த இன்ஜினை பிரிச்சு காட்டற படத்தோட.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்