பணி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான தடையற்ற சூழல் தணிக்கை என்றதும் அறிக்கை வந்துவிட்டதா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். என்னென்ன பார்க்க வேண்டும் என்று தணிக்கையாளருக்குக் கொடுத்த பணி ஆணையை யாரும் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை. காரியம் கெடுவது அங்கேதான்.

எங்கள் ஊர் அலுவலகம் ஒன்றில் விடுமுறை நாளில் வந்து தணிக்கை செய்துவிட்டுப் போனார்கள். அறிக்கையில் எழுதியது: ‘சாய்தளம்: உண்டு. தனிக் கழிப்பறை: உண்டு.’ வேலைநாளில் வந்திருந்தால் சாய்தளத்தை மறித்து நிற்கும் பைக்குகளையும், கழிப்பறைக்குள் அடுக்கிய உடைந்த நாற்காலிகளையும் பார்த்திருப்பார்கள். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்தளம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளக்கவும் இல்லை. அது போய் முடியும் இடத்தில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் கதவை இழுக்க வேண்டுமானால் சரிவிலேயே பின்னால் உருள வேண்டும். படிவத்தில் இதற்கு ஏது கட்டம்? தணிக்கையாளரை நொந்து பயனில்லை, அவரிடம் கேட்டது அவ்வளவுதான்.

வேலைநேரத்தில்தான் ஆய்வு என்பதை ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து மனு கொடுக்கும் கவுன்ட்டர் வரைக்கும் வழி முழுவதும் ஆய்வில் வரவேண்டும். பார்வையற்றவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வருபவர் ஆகியோர் குழுவில் இருக்க வேண்டும், மதிப்பூதியத்தோடு. (சும்மா வந்து போட்டோவுக்கு நிற்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது.) ஒவ்வொரு குறைக்கும் உத்தேசச் செலவு போட்டுத் தரச் சொல்ல வேண்டும், மதிப்பீடு இல்லாத அறிக்கைக்கு எந்த அதிகாரி நிதி ஒதுக்குவார்? வேலை முடிந்தபின் மறு ஆய்வுக்குத் தனிக் கட்டணமும் இப்போதே பேசிவிடலாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் சரிசெய்யச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில்; கெடு 2022-இலேயே முடிந்துபோயிற்று. மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ‘உண்டு, இல்லை’ படிவம் எதற்கு?

அடுத்த தணிக்கைக்கு முன், பணி ஆணையின் வரைவை மாவட்ட இணையதளத்தில் போட்டு, மாற்றுத்திறனாளி அமைப்புகளிடம் கருத்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுமாறு ஆட்சியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர் ஒருவர், மதுரை