இரண்டாம் முறையும் முதுகு நீர் எடுப்பது எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி தொற்றி வரும் மூளையுறைக் காய்ச்சலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களான நாம் அதை அப்படி விட முடியாது. இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நியூமோகாக்கஸ், பென்சிலினுக்கு அடங்காமல் போனது பற்றி 1977இல் உலகம் கவலைப்படத் தொடங்கியதே நம் ஊர்க் குழந்தைகளின் நோயைப் பார்த்துத்தான்.

குழந்தைகள் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். பென்சிலின் பலிக்காவிட்டால் குளோரம்ஃபெனிக்கால் என்ற வேறொரு கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுப்பது அப்போதைய வழக்கம். அப்படிக் கொடுக்கப்பட்ட 25 குழந்தைகளின் நிலையை 1992இல் ஃப்ரீட்லண்ட், க்ளுக்மன் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மருந்து கேட்கும் என்றுதான் ஆய்வகச் சோதனை சொன்னது. ஆனால் 20 குழந்தைகளுக்குச் சரியாகவில்லை. சிலர் இறந்தே போனார்கள். மருந்து கிருமியை வளரவிடாமல் தடுத்ததே தவிர, கொல்லவில்லை. உடம்பில் வேறு இடமென்றால் மிச்சத்தை வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ளும். மூளையைச் சுற்றியுள்ள நீரில் அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. அங்கே மருந்தேதான் கொன்றாக வேண்டும்.

அந்த நீர் முதுகுத்தண்டுக்குள்ளும் இருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க முதலில் ஒருமுறை அதை எடுப்பார்கள். மருந்து கிருமியைக் கொன்றதா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான், புதிய மருந்தைச் சோதிக்கும் மருத்துவர்கள் மருந்து தொடங்கி ஓரிரு நாளில் மறுபடியும் முதுகில் நீர் எடுக்கக் கேட்கிறார்கள். விலங்குகளிடம் பார்த்தது மட்டும் போதாது. வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோனைச் சேர்த்துக் கொடுத்தால், வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து அந்த நீருக்குள் சரியாகப் போகாது என்று முயல்களிடம் பார்த்தார்கள். 1995இல் குழந்தைகளின் நீரைச் சோதித்தபோதோ, அது நன்றாகவே போயிருந்தது. செஃப்ட்ரியாக்சோன் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தோடு வான்கோமைசினையோ ரிஃபாம்பிசின் என்ற மருந்தையோ சேர்த்தால் கிருமி நன்றாகச் சாகிறது என்பதும் தெரியவந்தது.

ஆனால் நம் வீடுகளில், "முதுகில் ஊசி குத்தினால் கால் விழுந்துவிடும்" என்று பாட்டிமார் அழுவார்கள், பெற்றோரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழே, இடுப்பெலும்புப் பக்கத்தில்தான் ஊசி இறங்குகிறது. வலிக்கும், அப்புறம் தலைவலி வரலாம், அதை மறைக்க வேண்டாம். மூளையில் அழுத்தம் கூடியிருந்தாலோ ரத்தம் உறையாவிட்டாலோ மருத்துவர்களே எடுக்க மாட்டார்கள்.

2009இல் இந்நாட்டுக் குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் தடுப்பூசி வந்த பிறகு நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. நல்ல காலம்தான். அதனாலேயே புதிய மருந்தைச் சோதிக்க ஒவ்வொரு நோயாளியும் முக்கியமாகிறார்.

ஊசி எங்கே இறங்குகிறது என்ற படத்தோடு, ஒரு குழந்தை மருத்துவரின் விளக்கத்தை நீங்கள் வெளியிட வேண்டும். கோவில் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.