வாரம் சொன்னது போதும், தொகையைச் சொல்லுங்கள்

சம்பளப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் பணியாற்றுபவர்களுக்கு,

வணக்கம். பிள்ளை பெறப்போகிற ஊழியர் உங்களிடம் கேட்க வருவது ஒரே கேள்விதான்: விடுப்பில் இருக்கும்போது மாதாமாதம் கையில் எவ்வளவு வரும்? உங்கள் பதிலோ பெரும்பாலும் வாரங்களிலும் சதவீதங்களிலும் வருகிறது. இத்தனை வாரம் விடுப்பு, முதல் பகுதிக்கு இவ்வளவு, மீதி விதிகளின்படி. வாடகையும் கடன் தவணையும் தொகையாகத்தான் கேட்கின்றன. ஆகவே கணக்கை ஊழியரே போட்டுக்கொள்கிறார், தெரிந்தவர்களிடம் அரைகுறையாக விசாரித்து.

சட்டங்கள் எழுதப்பட்ட விதமே அப்படி என்பீர்கள். உண்மைதான். 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே பேறுகாலத்துக்கென ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதில் 12 வாரம். 2000-ஆம் ஆண்டின் 183-ஆவது உடன்படிக்கை அதை 14 வாரமாக்கியது. விடுப்புக் காலத்தில் தரும் தொகையை முந்தைய வருமானத்தை வைத்துக் கணக்கிட்டால், அந்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக்கூடாது என்றும் சொன்னது. சரி, எந்த மாதத்து வருமானம்? படிகளும் சேருமா, ஓவர்டைம் சேருமா? தொகை ஏறுவதும் இறங்குவதும் இந்தக் கேள்விகளில்தான்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சட்டப்படியான பேறுகால ஊதியத்தில் முதல் 6 வாரத்துக்குச் சராசரி வார வருமானத்தில் 90 சதவீதம். அந்தச் சராசரி, பிரசவம் எதிர்பார்க்கப்படும் வாரத்துக்கு 15 வாரம் முன்பு முடிகிற ஏறக்குறைய 8 வாரச் சம்பளத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த 8 வாரத்தில் போனஸ் வந்தால் தொகை கூடும். அதே 8 வாரத்தில் வாந்தி மயக்கத்தால் சம்பளமில்லா விடுப்பு எடுத்தவருக்குக் குறையும். சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து வேறு சலுகை வாங்கும் திட்டத்தில் இருப்பவருக்கும் அப்படியே. இந்தியச் சட்டம் வேறு மாதிரி. விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய 3 மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரிக் கூலியே அளவு என்பதால் சம்பளமில்லா நாட்கள் சராசரியை இழுக்காது. ஆனால் பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியாக இருக்கிறது. ஜெர்மனியில் பெற்றோர் உதவித்தொகைக்கு 12 மாத நிகர வருமானம் அடிப்படை என்பதால், கணவனும் மனைவியும் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் வரிப்பிரிவை எப்போது மாற்றிக்கொண்டார்கள் என்பதுகூடத் தொகையைத் தொடுகிறது.

இதையெல்லாம் விடுப்பு விண்ணப்பம் வந்த பிறகு விளக்கினால் என்ன பயன்? கணக்கெடுக்கும் காலம் அதற்குள் ஓடிவிட்டிருக்கும். முன்பே வந்து கேட்கலாமே என்றும் சொல்லிவிடாதீர்கள். கேட்டாலே கர்ப்பம் என்று தெரிந்துவிடும். முதல் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு நூறு காரணம் உண்டு. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் காலமாக இருந்தால் நூற்றியொன்று. அதனால் கணக்கிடும் முறை, யாரும் யாரையும் கேட்காமல் படிக்கிற இடத்தில் இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை உள்ள சம்பளம் எண்ணப்படும், எந்தெந்தப் படிகள் சேரும், ஒரு மாதிரிக் கணக்கு. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

ஆண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். தந்தைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாததாலேயே பல வீடுகளில் அந்தப் பேச்சே எழுவதில்லை. கனடாவில் தந்தையும் எடுக்கக்கூடிய பெற்றோர் விடுப்பை இரண்டு விதமாக எடுக்கலாம். ஒருவர் 35 வாரம் வரை, வாரச் சம்பளத்தில் 55 சதவீதம். அல்லது 61 வாரம் வரை, 33 சதவீதம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. வாரச் சம்பளம் 100 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: முதல் வழியில் மொத்தம் 1,925, இரண்டாவதில் 2,013. கிட்டத்தட்ட அதே பணம்தான், நீட்டித் தருகிறார்கள், அவ்வளவே. பணம் வரத் தொடங்கிய பிறகு வழியை மாற்றவும் முடியாது. பெயரில் மட்டும் 'நீட்டிக்கப்பட்ட' என்று இருப்பதைப் பார்த்து ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பெருக்கலை அவருக்குப் போட்டுக்காட்டாதவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வரும்.

விடுப்பு வேறு, ஊதியம் வரும் காலம் வேறு என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். பிரிட்டனில் விடுப்பு 52 வாரம். சட்டப்படி ஊதியம் 39 வாரம். கடைசி 13 வாரம் ஒன்றும் வராது. முதல் 6 வாரத்துக்குப் பிறகே பலருக்குத் தொகை சரிந்துவிடுகிறது, ஏனென்றால் அப்போது நிலையான தொகையா 90 சதவீதமா என்று பார்த்து, எது குறைவோ அதுதான் தரப்படும். அப்புறம் பிடித்தங்கள். ஓய்வூதியம், காப்பீடு, அலுவலகக் கடன் ஆகியவை சுருங்கிய சம்பளத்திலும் பிடிக்கப்படுமா, தள்ளிவைக்கப்படுமா? வரி உண்டா? பணம் வரும் தேதியும் முக்கியம். இந்தியச் சட்டம் பிரசவத்துக்கு முந்தைய காலத்துத் தொகையை முன்கூட்டியும், மீதியைப் பிரசவத்துக்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் தரச் சொல்கிறது. இந்த ஏற்பாடு தெரிந்திருந்தால் மருத்துவமனைச் செலவுக்கு வெளியே கடன் வாங்குமுன் ஒருவர் கொஞ்சம் யோசிப்பார்.

எழுத்தில் மதிப்பீடு கொடுத்தால் அது வாக்குறுதி ஆகிவிடும், பின்னால் வழக்கு வரும் என்று சட்டப்பிரிவு உங்களைப் பயமுறுத்தும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. குழந்தை குறித்த தேதியில் பிறப்பதில்லை. நடுவில் சம்பள உயர்வு வரலாம், விதி மாறலாம். அதற்காக வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் மாதத்துக்கு இரண்டு தொகை எழுதிக் கொடுங்கள்: எப்படியும் வரக்கூடிய குறைந்தபட்சம் ஒன்று, இன்றைய நிலவரப்படி எதிர்பார்க்கக்கூடியது ஒன்று. குழந்தை சில வாரம் முன்னதாகப் பிறந்தால் எந்தத் தொகை மாறும் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். குடும்பங்கள் முதல் தொகையை வைத்துத் திட்டமிட்டுக்கொள்ளும், அந்த அளவு விவரம் எல்லோருக்கும் உண்டு.

தாளின் அடியில் கணக்கிட்ட தேதியும், எந்த விதியை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதும் இருக்கட்டும். சம்பளம் மாறினால் புதுத் தாளை நீங்களாகவே அனுப்புங்கள். கைக்குழந்தையோடு இருப்பவர் நினைவு வைத்துக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்த ஓர் ஊழியர்